சுமப்பவர்க்கு ஒரு சுமைதாங்கி

ஈகை, கொடை, வண்மை, ஒப்புரவு, வேளாண்மை எனப் பிறர்க்கு உதவும் பண்பினைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பலவுள. பெறுவோர் நிலையைக் கூறவும் இன்மை, இரவு, மிடி, நல்குரவு எனச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆயின் உதவியவனின் உள்ளம் உதவியபின் என்னவாயிற்று என்பதைக் குறிக்கத் தனிச்சொல் ஒன்றுண்டா என நாம் அகராதிகளைப் புரட்டிப் பார்த்ததுண்டு, எளிதில் அகப்படவில்லை. கொடுத்தவன் மகிழ்ந்தான் என்பதோடு நம் இலக்கியம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. விதிவிலக்கு ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பொருளைக் கொடுப்பவனைப் பொறுத்தவரை அம்மகிழ்ச்சி போதும் போலும். பொருளோடு தன் கையையும் கண்ணையும் உறக்கத்தையும் கொடுக்கச் செல்பவனுக்கு அது போதுவதில்லை. இடிபாட்டினுள் கைவிட்டு உடலைத் தேடுபவன், அடையாளம் அழிந்த பிணத்தைத் துணியிற் சுற்றுபவன், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்முன் அமர்ந்து பெயரும் அகவையும் கேட்டு எழுதிக்கொள்பவன் ஆகிய இவர்களெல்லாம் கண்டவற்றைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்புகின்றனர். தலைச்சுமையோடு நடந்தவர் இளைப்பாறும் பொருட்டு நம் முன்னோர் வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். பிறர் கை வேண்டாமலே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் உதவிய கற்கள் அவை. உள்ளத்தில் சுமையேறியவனுக்கு நாம் எந்தக் கல்லை நட்டிருக்கின்றோம்?

இவ்வினா காரமடையாருக்குத் தொலைவிலுள்ள வினா அன்று. 2019 டிசம்பர் 2 அன்று விடியற்பொழுதில், பெருமழைக்கிடையே, நம்மை அடுத்துள்ள மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் இல்லமொன்றின் சுற்றுச்சுவர் இடிந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பின்மீது விழுந்து 17 உயிர்களைக் குடித்தது. உறங்கியவர் உறங்கியவாறே மாண்டனர். 2021 மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை கோவை மாவட்டத்தைக் கவ்வியபோது, நாள்தோறும் நோய் கண்டோர் தொகையில் கோவை சென்னையையே விஞ்சியது. பெற்ற பிள்ளையும் அணுக அஞ்சிய அந்நாளில் தமிழகமெங்கும் முஸ்லிம் அமைப்புகளைச் சார்ந்த இளைஞர் பலரும், பிற சமயத்து நல்லுள்ளத்தாரும், காப்புடை அணிந்து, சமயம் பாராது, அவரவர் சமய வழக்கப்படி உடல்களை அடக்கமும் தகனமும் செய்தனர். 2024 ஜூலை 30 அன்று நள்ளிரவு கடந்தபின் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மலைச்சரிவு விழுங்கிற்று; மாண்டோர் 250-க்கும் மேற்பட்டோர். நீலகிரியைத் தாண்டினால் வயநாடு. அங்கே மாண்ட தோட்டத் தொழிலாளருள் தமிழரும் இருந்தனர்.

வயநாட்டில் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. மறுகரையில் காயமுற்றோர் கிடந்தனர். ஆண் செவிலியர் உடனே கிடைக்காத அவ்வேளையில், கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, ஆற்றின்மேல் கட்டிய கயிற்றில் தொங்கியவாறு அக்கரை சென்று மருத்துவம் செய்தார். அவ்வாண்டு விடுதலை நாளன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. நாடே பாராட்டிற்று, நாமும் வகுப்பறையில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொண்டோம். தக்க பாராட்டே அது. ஆயின் அப்பாராட்டுரைகளில் எல்லாம் 'இரும்பு நெஞ்சம்', 'அஞ்சா நெஞ்சம்', 'கல் மனம்' எனும் அடைமொழிகள் தவறாது இடம்பெறுவதைக் கவனித்தோமா? இவ்வடைமொழிகளில் ஒரு சிறு சூழ்ச்சி ஒளிந்துள்ளது என்பது நம் கருத்து. இரும்புக்கு உணவு வேண்டா, உறக்கம் வேண்டா, ஆறுதல் வேண்டா. ஒருவரை இரும்பென்று புகழ்ந்துவிட்டால் அவருக்கு நாம் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்றாகிவிடும். பொன்னாடை ஒன்று, கேடயம் ஒன்று, நிழற்படம் ஒன்று. விழா இனிதே நிறைவுறும்.

பேரிடர்க் களமொன்றுக்குச் சென்று திரும்பிய இளைஞர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பு நமக்கு அமைந்தது. ஆறு நாள் அங்கிருந்தவர். களத்தில் இருந்தவரை ஒன்றும் தோன்றவில்லை என்றார். பசியும் அச்சமும் அற்று எந்திரம்போல் உழைத்திருக்கின்றார். திரும்பிய பத்தாம் நாள் மழை பெய்து மண்வாடை எழுந்தபோது அவருக்குக் குமட்டிற்று. நாம் புதுமழையின் மணமெனப் பாடஞ்சொல்லும் அதே மண்வாடைதான். அன்று முதல் இரவில் விழித்துக்கொள்வதும், சிறு ஒலிக்கும் திடுக்கிடுவதும், தம்பியரிடம் காரணமின்றிச் சினப்பதும் தொடர்ந்தன. வீட்டிலுள்ள பெரியவர், “ஏன்டா, நல்ல காரியத்துக்குத்தானே போயிட்டு வந்தே? அப்புறம் எதுக்கு இப்படி மோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கே?” எனக் கேட்டிருக்கின்றார். அன்பினாற் கேட்ட கேள்விதான். ஆனால் அதன்பின் அவ்விளைஞர் வீட்டில் வாய் திறக்கவில்லை. நல்ல காரியம் செய்தவன் வருந்துவது குற்றம்போலும் என்றே அவர் எண்ணிக்கொண்டார். அதற்கு மேலும் ஒன்று: அவர் பயின்ற கல்லூரியில் அந்த ஆறு நாள்களும் வருகைப் பதிவேட்டில் வாராமையாகக் குறிக்கப்பட்டு, பருவ இறுதியில் வருகைக் குறைவுக்கான தண்டக் கட்டணமும் கட்டவேண்டியதாயிற்று.

இத்தகைய தளர்ச்சியை உளநூலார் நெடுநாளாக ஆராய்ந்து வருகின்றனர். துன்புற்றாரை நாள்தோறும் கண்டும் கேட்டும் பணியாற்றுவோரிடம், அத்துன்பத்தைத் தாமே நேரிற் பட்டாற்போன்ற அறிகுறிகள் தோன்றும் என்பதை 1990-களில் சார்லஸ் ஃபிக்லி முதலானோர் விரித்துரைத்தனர். இரக்கத்தின் விளைவாகவே வரும் சோர்வு ஆதலின் இதனைப் பரிவுச் சோர்வு எனலாம். இரக்கமற்றவனுக்கு இந்நோய் வாராது என்பதை நம் பெரியவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறநாடுகளுக்குச் சென்று துயர்துடைப்புப் பணியாற்றியோரை, புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும், பின்னர்ச் சில திங்கள் கழித்தும் ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. புறப்படுமுன் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் காணப்பட்ட மனச்சோர்வு அறிகுறிகள், திரும்பியபின் ஏறத்தாழ இருபதின்மரிடம் காணப்பட்டன. திங்கள் பல கடந்தும் அத்தொகை இறங்கவில்லை. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. சுற்றமும் நட்பும் துணைநின்றோர்க்கு மனச்சோர்வும் பணித்தளர்ச்சியும் குறைவாகவே இருந்தன.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி. இடருற்றபின் மீண்டும் தன்னிலை அடையும் ஆற்றலை 'உளத்திண்மை' என நம்மவர் சிலர் மொழிபெயர்க்கின்றனர். திண்மை என்பது கடினம். கடினமானது வளையாது, ஓரளவு பொறுக்கும், பின்னர் ஒரேயடியாக உடையும். 'மீள்திறன்' என்னும் சொல்லே பொருந்துவதாக நமக்குத் தோன்றுகின்றது. மீள்தல் என்றவுடன் போதல் என்பதும் உடன்வருமன்றோ? போய் மீண்டவன் எவனும் போனபடியே மீள்வதில்லை. மேலும், மீள்வதற்கு ஓரிடம் வேண்டும். வீடொன்று, தெருவொன்று, முகங்கள் சில வேண்டும். எனவே மீள்திறன் என்பது ஒருவன் நெஞ்சுக்குள் மட்டும் இருப்பதன்று. அவன் மீண்டுவரும் இடத்திலும் இருப்பது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது பெரும்பாலும் இவ்வளவே.

இனி முன்னர்க் கூறிய விதிவிலக்கிற்கு வருவோம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாற்றை நாம் அமுதசுரபியின் முன்கதையாக மட்டும் கற்பிக்கின்றோம். அவனைத் துயர்துடைக்கும் தொண்டன் ஒருவனாகக் கண்டு மீண்டும் படித்தல் நன்று. ஊரால் ஒதுக்கப்பட்ட அவன் மதுரையில் பிச்சையேற்று, அதனைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் பிணியுற்றோர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தானுண்டு, ஓட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கினான். மழையிருளில் பசித்து வந்தோர்க்கு அளிக்க ஒன்றுமில்லையே என அவன் நொந்தபோது சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். பன்னிரண்டாண்டு வற்கடத்தால் வாடிய நாட்டில் அவன் உணவளித்தான். பின்னர் மழை பெய்தது, நாடு செழித்தது, பசித்தவர் எவரும் இல்லாதாயினர். மகிழ வேண்டியவன் அவனே. ஆனால் அவன் நிலை என்ன? அம்பலத்தில் வீணரும் சூதாடுவோரும் கூடினர். உண்பார் உளரோ என வீடுதோறும் கேட்டுத் திரிந்தவனை மதிப்பார் இல்லை. சாவகத்தில் பஞ்சமெனக் கேட்டுக் கப்பலேறினான். இடைவழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை, ஏறிவிட்டான் எனக் கருதிக் கப்பல் விட்டுச் சென்றது. ஆளில்லாத் தீவில், உலகையே ஊட்டவல்ல ஓட்டோடு, உண்ண ஒருவருமின்றி அவன் தனித்து நின்றான். ஓட்டினைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்விட்டான்.

உண்ணா நோன்பு, அறவாழ்வின் முடிவு என்றெல்லாம் சமயநோக்கில் இதற்கு உரைகாணலாம். நாம் அவ்வுரைகளை மறுக்கவில்லை. ஆயினும் தொண்டின் கடுமை ஆபுத்திரனை வீழ்த்தவில்லை என்பது கருதத்தக்கது. வற்கடத்தில் அவன் தளரவில்லை. பணி முடிந்தபின் நேர்ந்த வெறுமையும், ஊரின் மறதியும், தனிமையுமே அவனை வீழ்த்தின. இன்றைய தொண்டரிடம் கேட்டாலும் இதையே கூறுவர். களத்தைவிட வீடு கடினம் என்பர். அவன் இறுதியை நெருங்கிய வேளையில் அறவண அடிகள் அங்குச் சென்று, உனக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்கின்றார். அவனும் தனக்கு நேர்ந்தன யாவற்றையும் எடுத்துரைக்கின்றான். அவனிடம் அவ்வாறு கேட்டவர் அவர் ஒருவரே. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது.

மேலைநாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1859-இல் சால்ஃபெரினோ போர்க்களத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு, ஊர்ப்பெண்டிரைத் திரட்டிப் பணிவிடை செய்த ஹென்றி டூனான் என்பவரின் முயற்சியாற் பிறந்ததே செஞ்சிலுவைச் சங்கம். அவர் பின்னர்ப் பொருளிழந்து, சங்கத்தினின்றும் நீங்கி, பல்லாண்டு வறுமையில் அலைந்து, ஹைடன் என்னும் சுவிஸ் சிற்றூரின் மருத்துவமனையில் ஒடுங்கிவிட்டார். உலகம் அவரை மறந்தே போயிற்று. 1895-இல் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதியபின்னரே மீண்டும் அவர் நினைவு வந்தது. 1901-இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அப்போதும் அவர் அச்சிற்றூரை விட்டு வெளிவரவில்லை.

உதவச் செல்பவர் வெளியூரார் என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். உண்மையில் முதலிற் கைகொடுப்பவர் பக்கத்து வீட்டார். அவரும் அதே இடருக்கு ஆளானவர். இதனை ஈழத் தமிழர் வரலாறு நன்கு காட்டும். 2009-இல் போர் முடிந்தபின் வன்னிப் பகுதியில் பணியாற்றிய உள்ளூர்த் தொண்டுநிறுவனப் பணியாளரை ஆராய்ந்தபோது, அவருள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அவர்களும் வீடிழந்தோர், உறவிழந்தோர், இடம்பெயர்ந்தோர். அகதிகளின் பட்டியலை எழுதிய கைகளே அதில் இடம்பெறத் தக்க கைகளாகவும் இருந்தன. அதற்கு முன் 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில், பசிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டுநிறுவனம் ஒன்றின் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர், ஒருவர் முஸ்லிம். ஆழிப்பேரலையால் நொந்த மக்களுக்குக் குடிநீரும் துப்புரவும் அமைத்துத் தந்தவர்கள். அவர்களோடு பணியாற்றி எஞ்சியோர் மறுநாள் முதல் எந்த நெஞ்சோடு பணிக்குச் சென்றிருப்பர்?

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இவற்றைத் தமிழில் எழுதியவர். 'மனவடு' என்னும் அவர்தம் நூற்பெயரே ஓர் அரிய கலைச்சொல்லாக்கம். நம் துறை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். ஆறியும் அழியாதது. போர்த்துயர் தனியொருவரை மட்டுமன்றி, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கின்றது என்றும், ஆதலின் ஆற்றுதலும் ஊரும் உறவும் சடங்கும் கூடிய வழியிலேயே நிகழ வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஆசிரியர்களையும் ஊர்த்தொண்டர்களையும் பயிற்றி, அவர்கள் வாயிலாக ஆற்றுப்படுத்தும் முறை அங்கே வளர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாகை, கடலூர்க் கரைகளிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஊர்த்தொண்டர்க்குப் பயிற்சி அளித்தனர். அந்நாளில் நாகூர் தர்கா, சமயம் பாராது மாண்டோரை அடக்கம் செய்யத் தன் நிலத்தை அளித்ததை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். குழிவெட்டி அவ்வுடல்களை இறக்கிய இளைஞர்கள் இன்று நாற்பது அகவையைக் கடந்திருப்பர். அவர்களை எவரேனும் நினைவுகூர்கின்றோமா?

இங்கு நம் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இறந்தோரை அடக்கம் செய்தல் மார்க்கத்தில் பர்ளு கிஃபாயா ஆகும் என்பதைத் தாங்கள் எமக்குக் கற்பித்திருக்கின்றீர்கள். ஊரார் அனைவர் மீதும் கடமை. சிலர் நிறைவேற்றினால் எஞ்சியோர் குற்றத்தினின்றும் நீங்குவர். எவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அவ்வாறாயின், 2021-இல் நள்ளிரவில் கப்ருஸ்தானில் நின்ற நான்கைந்து பேர் நம் அனைவரின் சுமையையும் தாமே ஏற்றுக்கொண்டவர்கள் அல்லரோ? அவர்கள் நீக்கிய குற்றத்தின் அளவுக்கு நாம் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளோம். இது சட்டநூலில் எழுதிய கருத்தன்று. அதனின்று நாம் கொள்ளும் கருத்து. ஆலிம் பெருமக்கள் திருத்தினால் ஏற்போம்.

பொறுமை என்று சொல்லி இதனைக் கடந்துவிடலாகாது. ஸபூர் செய் எனும் சொல் நம் வீடுகளில் அடிக்கடி ஒலிப்பது. அழாதே, பேசாதே, மறந்துவிடு என்பதே அதன் பொருளென இளைஞர் பலர் கொள்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகன் இப்ராஹீம் உயிர்பிரியும் வேளையில் கண்ணீர் சிந்தியதையும், அது இரக்கத்தின் அடையாளம் என்றே விளக்கியதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணிப் பெண்ணொருத்தி வருந்திப் பாடியதைக் கேட்டு, மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கலந்து, வீரர் வீடுதிரும்பாது களத்தில் தங்குவதற்குச் சில திங்கள் எல்லை வகுத்ததாக அறிஞர் கூறுவர். வீரத்தை வியந்ததோடு நில்லாது, அதற்குக் கால எல்லை வகுத்ததுதான் ஆட்சியாளரின் கடமையுணர்வு. கவலை இறைத்த நம் கொங்கு நாட்டுக் குடியானவருக்கும் இது தெரியும். உச்சிவெயில் ஏறுமுன் எருதுகளை அவிழ்த்துவிடாதவனை அக்கம்பக்கத்தார் ஏசுவர். எருதுக்குக் காட்டிய கருணையைத் தொண்டனுக்கும் காட்டலாம்.

தொண்டருள் ஊதியம் பெறுவோரையும் சேர்த்தே நாம் பேசுகின்றோம். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்தியின் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பன்னிரண்டு மணிநேர முறையில் பணியாற்றுபவர்கள். ஒரு விபத்தில் சிதைந்த உடலை ஒப்படைத்துவிட்டு, ஊர்தியைக் கழுவி, அடுத்த அழைப்புக்குச் செல்வர். மயானத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், தீயணைப்பு வீரர் நிலையும் அஃதே. சம்பளம் வாங்குகின்றார்களே என்பது எளிய விடை. மிக மலிவான விடையுங்கூட. 2020 ஏப்ரலில் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தபோது, அவர் உடலை அடக்கஞ்செய்யச் சென்றோரைக் கூட்டமொன்று கல்லாலும் கட்டையாலும் தாக்கிற்று. ஊர்தி ஓட்டுநரும் பணியாளரும் குருதி வடியத் திரும்பினர். நண்பரான மருத்துவர் ஒருவரே மீண்டும் உடலைக் கொண்டுசென்று, தம் கைகளால் மண்ணைத் தள்ளி மூடினார். அன்று பட்ட காயத்தைத் தையலிட்டு ஆற்றியிருப்பர். மக்களுக்காகச் சென்றவனை மக்களே அடித்தனர் என்னும் காயத்திற்குத் தையல் ஏது?

இவ்வாறெல்லாம் கூறுவதால், களத்திற்குச் சென்ற அனைவரையும் நோயாளியாகக் கருதவேண்டும் என்பது நம் கருத்தன்று. பெரும்பாலோர் சில வாரங்களில் தாமே தேறிவிடுகின்றனர் என்பதும் ஆய்வு கண்ட உண்மையே. அவர்களை வலிந்து அமர்த்தி, கண்டதையெல்லாம் சொல் எனத் தோண்டுதல் கூடாது. 1980-களில் அமெரிக்காவில் தோன்றிய அத்தகைய ஒருநாள் உரையாடல் முறை, உலகெங்கும் பரவியபின், பயன் தரவில்லை, சிலர்க்குக் கேடும் விளைக்கலாம் என 2002-இல் வெளியான தொகுப்பாய்வொன்று காட்டிற்று. அறிஞர் உலகமே இதில் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 2011-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பிறரோடு இணைந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மிக எளிய வழியைக் கூறுகின்றது: நிலையைப் பார், சொல்வதைக் கேள், வேண்டிய உதவியோடு இணைத்துவிடு. அக்கையேட்டில் உதவுபவர் தம்மையும் உடன் பணியாற்றுவோரையும் காத்துக்கொள்வது பற்றித் தனிப்பகுதியே உண்டு. நாம் முற்கூறிய அறவண அடிகள் கேட்ட கேள்வியை, காலம் தாழ்த்தாது கேட்பதே அதன் சாரம் எனத் தமிழாசிரியராகிய நாம் விளங்கிக்கொண்டோம்.

இனிச் செய்யத்தக்கவை சில. களத்திற்குச் செல்வோரை ஒருவராக அனுப்பாது இருவராக அனுப்புக. நாள்கணக்கை முன்னரே வரையறுத்து, அந்நாள் முடிந்ததும் மாற்றாளை அனுப்பி அவரை அழைத்துக்கொள்க. ஆர்வமிகுதியால் வரமறுத்தாலும் அழைத்துக்கொள்க. திரும்பியோரை முதல் வாரத்திலேயே மேடையேற்றிப் பேசச் சொல்லாதீர். மேடை பின்னர்க் கிடைக்கும். முதலில் ஒருவேளை உணவும் உறக்கமும் கிடைக்கட்டும். நாற்பது நாள் கழித்து ஒருமுறை, மழைக்காலம் வந்ததும் ஒருமுறை, அவர் வீட்டுக்கு ஒருவர் செல்க. உறக்கமின்மையும் திடுக்கிடலும் ஒரு திங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுதல் இழுக்கன்று. 2022 அக்டோபரில் தொடங்கிய, நாளெல்லாம் இயங்கும் 14416 என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை தமிழிலும் கிடைக்கின்றது. அதே ஆண்டு இறுதியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்காகத் தொடங்கிய 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றத்தையும் இப்பணிக்குப் பயன்கொள்ளலாம்.

கல்லூரியளவில் நாம் கோருவது மிகச் சிறியது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோ பிறரோ, உரிய இசைவோடு துயர்துடைப்புப் பணிக்குச் சென்ற நாள்களைப் பணிநாள்களாகவே பதிந்திடுக. விளையாட்டுப் போட்டிக்குச் சென்றவனுக்கு வருகை அளிக்கும் நமக்கு, பிணம் சுமக்கச் சென்றவனுக்கு அளிப்பதில் தடை என்ன? தவறவிட்ட அகமதிப்பீட்டுத் தேர்வையும் அவர் திரும்பிய மறுநாளே வைக்காது, இரு வாரம் கழித்து வைக்கலாம். ஜமாஅத்தளவில் ஒரு பதிவேடு போதும். யார், எங்கே, எத்தனை நாள் சென்றார், திரும்பியபின் யார் அவரைச் சென்று கண்டார் என்னும் நான்கு கட்டங்கள். நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு எழுதும் நமக்கு இது புதிய வேலையன்று. முஸ்லிம் பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாது, நடூருக்கு ஓடிய நம் பகுதி இளைஞர் அனைவரையும், ஊர்தி ஓட்டுநரையும், மயானத் தொழிலாளரையும் அதில் எழுதலாம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். கல்லாற்றைக் கடந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் மண் சரியும் காலம் அது. 2009 நவம்பரில் நீலகிரிச் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியார் மறந்திரார். மீண்டும் அழைப்பு வந்தால் நம் பிள்ளைகள் செல்வார்கள். தடுக்கவும் நமக்கு மனம் வாராது. அதற்குமுன் அப்பதிவேட்டைத் தொடங்குவோமாயின், முன்னர்ச் சென்று திரும்பி இன்றளவும் எவரும் சென்று காணாதவர் பெயர்களைக் கொண்டே முதற் பக்கத்தை நிரப்பலாம். அவர்கள் வீடுகள் தொலைவில் இல்லை.